குவார்ட்டரின் விளிம்பில் ஒரு செம்புக் கோடு

அன்புள்ள நண்பா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இனிப் படிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். ரோமாபுரி போல அமெரிக்காவும் சரிந்துவிடுமா என்று கேட்டிருந்தாய். போன முறை நீ வந்தபோது கொடுத்த குவார்ட்டரை, அதான் அந்த அமெரிக்கக் கால் டாலர் காசை, எதிரில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அதன் விளிம்பைக் கவனித்திருக்கிறாயா? மேலும் கீழும் வெள்ளி நிறம், நடுவில் செம்புக் கோடு. 1964 வரை அதில் 90 சதவீதம் வெள்ளி இருந்தது. வெள்ளி விலை ஏறியது, 1965இல் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். பழைய காசுகளை மக்கள் எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டார்கள்.

ரோமில் இதே கதை இரண்டரை நூற்றாண்டு ஓடியது. முதல் பேரரசன் அகஸ்டஸ் காலத்தில் தெனாரியஸ் என்ற ரோம நாணயம் கிட்டத்தட்ட சுத்த வெள்ளி. கி.பி. 64 வாக்கில் பேரரசன் நீரோ வெள்ளியைக் கொஞ்சம் குறைத்தான். 215இல் பேரரசன் கராகல்லா புதிய நாணயம் ஒன்றை வெளியிட்டான்: மதிப்பு இரண்டு தெனாரியஸ், உள்ளே இருந்த வெள்ளியோ ஒன்றரைக்குத்தான். 270 வாக்கில் ஐந்து சதவீதம்கூட இல்லை. செம்பின் மேல் வெள்ளிப் பூச்சு, கை பட்டுப் பட்டு அதுவும் தேய்ந்துபோகும். பேராசை என்று மட்டும் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படைவீரர் சம்பளம் ஏறிக்கொண்டே போனது. கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டும் வழி அன்று இல்லை. கைக்கு எட்டியது நாணயச் சாலை ஒன்றுதான்.

அப்புறம் விலைவாசி. 301இல் பேரரசன் டயோக்லீஷியன் ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களுக்கும் கூலிகளுக்கும் உச்சவரம்பு வைத்தான், மீறினால் மரண தண்டனை. சரக்கு சந்தையை விட்டே மறைந்தது என்று அக்காலத்தவரே எழுதி வைத்திருக்கிறார்கள். 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் டாலருக்குத் தங்கம் தருவதை நிறுத்தினாரே, அதே உரையில்தான் விலையையும் கூலியையும் 90 நாளைக்கு உறைய வைத்தார். கட்டுப்பாடு வெவ்வேறு வடிவில் 1974 வரை நீடித்தது. 1973இல் விற்கும் விலை தீவனச் செலவுக்குக்கூடக் கட்டாது என்று கோழிக்குஞ்சுகளைத் தண்ணீரில் அமிழ்த்திக் கொன்றார்கள். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ரோமிலிருந்து யவனர் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினார்கள். இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸை (அதுவும் ரோம நாணயம்தான்) உறிஞ்சிக்கொள்கிறது என்று ரோம எழுத்தாளன் பிளினி வருந்தினான். போன பொன் போனதுதான். அமெரிக்கா பொருள் வாங்கிக் கொடுப்பது டாலர். விற்ற நாடுகள் அதில் ஒரு பகுதியைக் கொண்டு அமெரிக்க அரசின் கடன் பத்திரத்தையே வாங்குகின்றன. ரோமுக்குக் கிடைக்காத வசதி இது. இதனாலேயே எனக்குப் பயமும் வருகிறது. 2024 நிதியாண்டில் அமெரிக்கா கட்டிய வட்டி, பாதுகாப்புச் செலவைத் தாண்டிவிட்டது. அன்று தள்ளிப்போட முடியாத செலவு படைவீரன் சம்பளம், இன்று வட்டி.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ரோமின் வீழ்ச்சிக்கு நாணயம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மூன்றாம் நூற்றாண்டில் அந்த அரசு தன் காசை நம்பாமல் தானியமாகவும் துணியாகவும் வரி வசூலிக்கத் தொடங்கியது. நான் தேடுவது அந்த அடையாளத்தைத்தான். தான் அடித்த பணத்தைத் தானே வாங்கத் தயங்கும் நிலைக்கு அமெரிக்கா வரவில்லை, கிட்டவும் இல்லை. வெளியார் எவ்வளவு காலம் வாங்குவார்கள் என்பதில்தான் எனக்குக் கவலை.

மகனிடம் சொல்லி 1964க்கு முந்தைய குவார்ட்டர் ஒன்று கிடைக்குமா என்று பார். அடுத்த முறை வரும்போது கொண்டு வா. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளிம்பைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்