நிலாவின் பல் மருத்துவப் படிப்பு: முரளிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முரளி,

உன் மெயில் வந்தது. அம்மாவின் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல், அவர் "இப்பதான் நல்லாத் தெரியுதே" என்று பாதியில் நிறுத்திவிடுவார்.

உன் மகள் நிலா பற்றி நீ கேட்டது ஒரே கேள்வி: எந்த டென்டல் ஸ்கூல் பெஸ்ட்? என்னைக் கேட்டால், படிப்பு முடிந்து வெளியே வரும்போது கையில் வேலை தெரிந்திருக்க வேண்டும், கடன் கழுத்தை நெரிக்கக் கூடாது. இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் பள்ளியின் பெயர். உங்கள் நியூஜெர்சி எடிசன் அங்கிள்களின் வாட்ஸப் குழுவில் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள்.

முதலில் காலக்கணக்கு. அவள் இப்போது காலேஜில் ஜூனியர், அதாவது மூன்றாம் வருடம். 2027-ல் சேர வேண்டுமென்றால் 2026 மே மாதத்துக்குள் எல்லாம் தயாராக இருக்கவேண்டும். ஆட்சாஸ் என்ற, டென்டல் ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்பம் மே நடுவில் திறக்கும், ஜூன் தொடக்கத்தில் அனுப்பலாம். பள்ளிகளின் கடைசித் தேதி பல மாதம் தள்ளி இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதே. வர வர விண்ணப்பங்களைப் படித்து இன்டர்வியூவுக்கு அழைத்துக்கொண்டே இருப்பார்கள், டிசம்பர் 15 முதல் இடம் கொடுக்கத் தொடங்குவார்கள். அக்டோபரில் வந்து சேரும் நல்ல விண்ணப்பத்துக்கு இன்டர்வியூ நாளே மிஞ்சியிருக்காது.

அனுப்பிய பிறகு மதிப்பெண்களைச் சரிபார்க்கவே நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஹைஸ்கூலில் இருந்தபோதே கம்யூனிட்டி காலேஜில் ஒரு பாடம் எடுத்திருந்தாலும் அந்தக் காலேஜின் ட்ரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) தனியாகப் போகவேண்டும். அது வரவில்லையென்றால் மொத்த விண்ணப்பமும் அப்படியே நிற்கும். நிலா ப்ளஸ் டூ சமயத்தில் கால்குலஸ் எடுத்தாளே, அதைக் கவனி. இன்னொன்று, ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி வாங்கி மறுபடி எடுத்து ஏ வாங்கினால் அவளுடைய காலேஜ் பழையதை அழித்துவிடலாம், ஆட்சாஸ் அழிக்காது. இரண்டையும் சேர்த்தேதான் ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, போடும். அறிவியல் பாடங்களுக்குத் தனி ஜிபிஏவும் கணக்கிடும். ஹைஸ்கூலில் எழுதும் காலேஜ் நிலைத் தேர்வான ஏபியின் மதிப்பெண்ணை வைத்து பயாலஜியையோ கெமிஸ்ட்ரியையோ தாண்டியிருந்தால் ஒவ்வொரு பள்ளியின் விதியையும் பார்க்கவேண்டும். சில இடங்களில் ஏபி செல்லாது. அங்கெல்லாம் அதே துறையில் மேல்நிலைப் பாடம் ஒன்று எடுத்துக் காட்டச் சொல்வார்கள்.

அடுத்து டி.ஏ.டி., டென்டல் ஸ்கூலில் சேர எழுதவேண்டிய தேர்வு. அறிவியலில் 100 கேள்விக்கு 90 நிமிடம்: பயாலஜி 40, பொது கெமிஸ்ட்ரி 30, ஆர்கானிக் 30. பிறகு படங்களைப் பார்த்து விடை சொல்லும் பகுதி, 90 கேள்விக்கு 60 நிமிடம். வாசிப்பில் 50 கேள்வி, 60 நிமிடம். கணக்கில் 40 கேள்வி, 45 நிமிடம். திரையில் கால்குலேட்டர் வருவது கணக்குப் பகுதியில் மட்டுமே. அதனால் கெமிஸ்ட்ரியில் பிஹெச், மோலாரிட்டி எல்லாம் கையால் போட்டுப் பழகவேண்டும். 2025 மார்ச் முதல் மதிப்பெண் 200-லிருந்து 600 வரை. அதற்கு முன் 1 முதல் 30 வரை இருந்தது. இணையத்தில் யாராவது "21 வாங்கினால் போதும்" என்று எழுதியிருந்தால் அது பழைய கணக்கு.

படப் பகுதியைத்தான் புத்திசாலிப் பிள்ளைகள் அலட்சியப்படுத்துவார்கள், ஏனென்றால் படிக்கப் பாடம் எதுவும் இல்லை. ஆனால் அது பழக்கத்தால் வருவது. ஆறு வகை, ஒவ்வொன்றிலும் 15 கேள்வி. கனசதுரக் கேள்வியை எடுத்துக்கொள்: கட்டைகளை ஒட்டி அடுக்கி, அடிப்பக்கம் தவிர வெளியே தெரியும் எல்லாப் பக்கத்திலும் பெயின்ட் அடித்ததாக வைத்து, "இரண்டு பக்கம் பெயின்ட் பட்ட கட்டை எத்தனை?" என்பார்கள். ஒரே படத்துக்கு அடுத்தடுத்து இரண்டு மூன்று கேள்வி வரும். ஒவ்வொரு கேள்விக்கும் முதலிலிருந்து எண்ணினால் நேரம் போய்விடும். தேர்வில் குறிப்பெழுதத் தரும் பலகையில் 0 முதல் 5 வரை எழுதி, ஒவ்வொரு கட்டையையும் ஒரே தடவை பார்த்து அதனதன் எண்ணுக்கு எதிரே கோடு போட்டுக்கொண்டால் அந்தப் படத்துக்கு வரும் எல்லாக் கேள்விக்கும் விடை தயார். பின்னால் மறைந்து மற்றதைத் தாங்கி நிற்கும் கட்டையை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. தினம் அரை மணி, இரண்டு மூன்று மாதம் போதும்.

ஏப்ரலுக்குள் எழுதிவிட்டால் நல்லது. சரியாக வரவில்லையென்றால் 60 நாள் கழித்துத்தான் மறுபடி எழுதலாம். முதல் மதிப்பெண்ணும் பள்ளிகளுக்குப் போகும், "சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்" என்று போகவேண்டாம்.

கிளினிக்கில் உடனிருந்து பார்ப்பதற்கு 100 மணி நேரம் என்று வைத்துக்கொள். பெரும்பகுதி பொதுப் பல் மருத்துவரிடம் இருக்கட்டும். பிரேஸ் போடுகிறவரிடம் மட்டும் 100 மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால், இந்தத் தொழிலின் அன்றாடம் தெரியாது என்றுதான் நினைப்பார்கள். அவளை என் கிளினிக்குக்கு அனுப்பு, தாராளமாக வரட்டும், ஆனால் முழுக்க என்னிடமே வேண்டாம். குடும்ப நண்பர் எழுதும் சிபாரிசுக் கடிதத்துக்கு எடை குறைவு. நான்கு கடிதம் வரை போடலாம். வகுப்பில் அவளைத் தெரிந்த அறிவியல் பேராசிரியர்கள் இருவர், ஒரு பல் மருத்துவர் என்பது பல பள்ளிகள் கேட்கும் சேர்க்கை. தேதி, நேரம், பார்த்த சிகிச்சை மூன்றையும் அன்றன்றே குறித்துக்கொள்ளச் சொல். "இந்தப் பல்லுக்கு ஏன் ஃபில்லிங் போடாமல் கிரவுன் போட்டார்?" என்று ஒரு வரி எழுதி வைத்தால் இன்டர்வியூவில் பேச விஷயம் இருக்கும். கட்டுரைக்கு இடைவெளியோடு சேர்த்து 4,500 எழுத்துதான் இடம். வீணை வாசிப்பதைப் பற்றி எழுதலாம், கைத்திறனைப் பற்றி எப்படியும் கேட்பார்கள்.

இனி உன் கேள்வி. உங்கள் ஸ்டேட்டில் நெவார்க்கில் இருக்கும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம்தான் பட்டியலில் முதலில் வரவேண்டும், காரணம் ஸ்டேட் வாசிகளுக்கான குறைந்த கட்டணம். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் ப்ளஸ் என்ற மேல்படிப்புக்கான ஃபெடரல் அரசுக் கடன் கிடையாது. இது போன்ற படிப்புக்கு ஃபெடரல் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்தான். தனியார் பள்ளிகள் பலவற்றில் தங்கும் செலவோடு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். மீதியைத் தனியார் வங்கியில் வாங்கவேண்டும், அதற்கு ஜாமீன் கையெழுத்து போடப்போவது நீ. கட்டணப் பட்டியலில் கருவிகள், லூப்ஸ் (கண்ணில் மாட்டும் உருப்பெருக்கி) இவற்றுக்கான தொகை தனி வரியில் இருக்கும், அதையும் கூட்டு. ராணுவத்தின் ஹெச்.பி.எஸ்.பி. உதவித்தொகை கட்டணம் முழுவதையும் ஏற்கும். அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், பிறகு ராணுவத்தில் பணியாற்றித் தீர்க்கவேண்டும்.

பணத்துக்கு அடுத்தது நோயாளிகள். பள்ளியைச் சுற்றிக்காட்டும்போது பொம்மைத் தலையில் பழகும் சிமுலேஷன் லேபைப் பெருமையாகக் காட்டுவார்கள். நிலா கேட்கவேண்டியது நான்காம் ஆண்டு மாணவர்களிடம், அதுவும் தனியாக: கடைவாய்ப் பல்லில் எத்தனை ரூட் கெனால் செய்தாய்? எத்தனை பல் பிடுங்கினாய்? நோயாளியைப் பள்ளி தருகிறதா, நீயே தேடவேண்டுமா? சிறப்புப் பயிற்சி பெறும் ரெசிடென்ட்கள் நிறைய இருக்கும் இடத்தில் கடினமான கேஸ் அவர்களிடம் போய்விடும், மாணவருக்குச் சுலபமானது மிஞ்சும். என்.ஒய்.யு. (நியூயார்க் பல்கலைக்கழகம்) ஒரு வகுப்பில் 350-க்கு மேல் எடுக்கும். நோயாளி கூட்டம் உண்டு, ஆனால் ஆசிரியர் வந்து சரிபார்க்கக் காத்திருக்கும் நேரம் எவ்வளவு என்று கேட்கச் சொல். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆரம்ப காலத்தில் மருத்துவ மாணவர்களோடு சேர்ந்தே பாடம். ஆர்த்தோ (பல் சீரமைப்பு), ஓரல் சர்ஜரி என்று மேலே போக நினைக்கிறவர்களுக்கு அது பொருந்தும். சான் பிரான்சிஸ்கோவில் பசிபிக் பல்கலைக்கழகம் மூன்றே ஆண்டில் முடித்துவிடும். ஒரு வருடச் செலவு மிச்சம், மூச்சு விட நேரம் இருக்காது.

பட்டம் டி.டி.எஸ்.ஸா டி.எம்.டி.யா என்று குழம்பாதே, இரண்டும் ஒன்றுதான். கோடா என்ற பல் மருத்துவப் படிப்பு ஆணையத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார். புதிய பள்ளி என்றால் இன்னும் ஒரு வகுப்பும் வெளியே வந்திருக்காது, அவர்கள் சொல்வதைச் சோதிக்க வழியில்லை. எங்கே படித்தாலும் லைசென்ஸுக்கான தேசியத் தேர்வான ஐ.என்.பி.டி.இ. எழுதவேண்டும், இரண்டு நாளில் 500 கேள்வி, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும். நியூயார்க்கில் லைசென்ஸ் வாங்க பட்டத்துக்குப் பின் ஒரு வருட ரெசிடென்ஸி பயிற்சி கட்டாயம். அங்கே பிராக்டிஸ் செய்ய ஆசையிருந்தால் அந்த வருடத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

பத்து, பன்னிரண்டு பள்ளி போதும். அவளுடைய எல்லா ட்ரான்ஸ்கிரிப்டையும் ஒரே ஃபைலாக்கி எனக்கு அனுப்பச் சொல், எந்தப் பள்ளிக்கு எந்தப் பாடம் குறைகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். ஸ்ப்ரிங் செமஸ்டர் பதிவுக்கு முன்னால் வந்தால் பயோகெமிஸ்ட்ரியைச் சேர்த்துக்கொள்ள நேரம் இருக்கும்.

சுதாவையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்