வழக்கு உண்டா இல்லையா என்பது மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

காவலர் பணிக்குத் தேர்வானவர்களின் பின்னணி விசாரணை பற்றிய செய்தியைப் படித்தேன். லத்தியும் கைது செய்யும் அதிகாரமும் யார் கைக்குப் போகிறது என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நடைமுறையில், பெயரில் வழக்கு உண்டா என்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. எங்கள் தெருப் பையன் தேர்வானபோது விசாரிக்க வந்தவர், பக்கத்து வீட்டில் இரண்டு கேள்வி கேட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். இப்படி விசாரித்தால் திருவிழாத் தகராறில் பெயர் சேர்ந்தவன் மாட்டுவான். மனைவியை அடிப்பவன், புகார் இல்லாததால், சீருடை போட்டுவிடுவான்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தன் மீதான வழக்கை மறைத்தவர் விஷயத்திலும் குற்றத்தின் தன்மை, பணியின் தன்மை இரண்டையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்று அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம் ஆளின் நடத்தையையும் விசாரிக்க என்ன தயக்கம்? படித்த கல்லூரி, முன்பு வேலை பார்த்த இடம், அக்கம்பக்கத்தார் ஆகியோரின் கருத்தையும் காவல் துறை எழுத்தில் பெறலாம். நிராகரித்தால் காரணத்தையும் எழுதித் தரட்டும்.

- வாசகர், திருவாரூர்