சீன எழுத்தை மாற்றியது அலுவலகக் கை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் சீன வனப்பெழுத்தைப் பற்றி வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். தூரிகை, மை, தாள் ஆகியவற்றைப் பற்றிய பகுதி அருமையாக இருந்தது. ஆனால் சீன எழுத்தின் வடிவங்கள் அரசாணையால் பிறந்தவை என்றும், தொடக்கம் முதலே அவை கலையாகப் போற்றப்பட்டன என்றும் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அக்காலச் சீனர்களே எழுதிவைத்தவை வேறு விதமாகப் பேசுகின்றன.

ஹான் வம்சக் காலத்தில் வாழ்ந்த சூ ஷென், 9,353 எழுத்துகளை 540 தலைப்புகளின் கீழ் அடுக்கி, கி.பி. 100-இல் எழுதி முடித்த 'ஷுவோவென் ஜியேசி' என்னும் அகராதிக்கு ஒரு பின்னுரை உண்டு. பறவை, விலங்குகளின் காலடித் தடங்களைக் கண்டு சாங் ஜியே எழுத்தைப் படைத்தார் என்ற தொன்மக் கதை அதில் இருக்கிறது. கட்டுரையாளர் அதை மட்டும் எடுத்துக்கொண்டார். சின் பேரரசில் போருக்கும் கட்டாய வேலைக்கும் ஆட்களைத் திரட்டியதால் அலுவலக வேலைகளும் சிறை வழக்குகளும் பெருகின, அவற்றைச் சுருக்கமாக எழுதவே எழுத்தர் வடிவம் தோன்றியது, பழைய எழுத்து அத்துடன் அற்றுப்போயிற்று என்று அதே பின்னுரையில் சூ ஷென் வருந்துவதை அவர் கவனிக்கவில்லை.

சின் பேரரசின் அமைச்சர் லி ஸி, வளைகோடுகளால் ஆன பழைய வடிவமாகிய முத்திரை எழுத்தை அரசாணையால் ஒழுங்குபடுத்தியது உண்மைதான். ஆனால் எழுத்தர்களின் கை அந்த ஆணைக்காகக் காத்திருக்கவில்லை. சிச்சுவான் மாகாணத்துச் சிங்ச்சுவானில் கிடைத்த மரப்பலகையில், கி.மு. 309-ஆம் ஆண்டின் வயல் வரப்புச் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. சின் அரசு நாட்டை ஒன்றாக்கியதற்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள் முந்தைய சட்டம் அது. அந்தப் பலகையிலேயே முத்திரை எழுத்தின் வளைவுகள் நேராகத் தொடங்கிவிட்டன. 1975-இல் ஹூபெய் மாகாணத்து ஷுயிஹுதியில் தோண்டிய கல்லறையில், சீ என்னும் சின் காலத்து எழுத்தரின் உடலோடு சட்டங்களும் வழக்கு விசாரணை முறைகளும் எழுதிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் கீற்றுகள் கிடைத்தன. அவற்றிலும் இந்த அலுவலகக் கையைத்தான் பார்க்கிறோம். 28 ஆண்டுகள் நீதிமன்றத்தில் நகல் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கட்டுக்கட்டாகக் கோப்புகள் காத்திருக்கும்போது, யாரும் சொல்லாமலே எழுத்தின் வளைவு நிமிர்ந்துவிடும்.

கோடுகளைச் சுருக்கியும் இணைத்தும் வேகமாக எழுதும் ஓட்ட எழுத்தின் கதை இன்னும் சுவையானது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜாவ் யீ என்பவர் ஓட்ட எழுத்துக்கு எதிராக ஒரு கட்டுரை எழுதினார். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துக்கலைக் கட்டுரைகளுள் அதுவும் ஒன்று. அது புகழுரை அல்ல, கண்டனம். ஜாங் ஜி போன்ற வல்லவர்களைப் பார்த்து எழுதப் பழகியவர்களை அவர் கண்முன் நிறுத்துகிறார். பத்து நாளுக்கு ஒரு தூரிகை தேய்கிறது. கழுத்துப்பட்டையும் சட்டைக்கையும் கரியாகின்றன. உதடும் பல்லும் எப்போதும் கறுத்திருக்கின்றன. நாலு பேர் கூடியிருக்கும் இடத்திலும் பேச்சில் கலவாமல், விரலால் தரையில் கீறிக்கொண்டிருக்கிறார்கள். நகம் உடைந்து இரத்தம் வந்தாலும் நிறுத்துவதில்லை. எளிதாகவும் விரைவாகவும் எழுத வந்த எழுத்து இன்று கடினமாகவும் தாமதமாகவும் ஆகிவிட்டதே என்பது அவருடைய ஆதங்கம். இதைக் கொண்டு அரசு யாரையும் பணிக்கு எடுப்பதில்லை என்றும் அவர் நினைவூட்டுகிறார்.

என் பார்வையில், அலுவலகத் தேவை கலையாக மாறிய தருணத்துக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. பிடிக்காதவர் என்பதாலேயே, ரசிகர் எவரும் எழுதிவைக்காத கறுத்த பல்லையும் உடைந்த நகத்தையும் ஜாவ் யீ எழுதிவைத்தார். அவருக்கு முன்பே ஹான் காலத்து அறிஞர் சுய் யுவான் ஓட்ட எழுத்தின் தோற்றத்தைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். அது மூன்றாம் நூற்றாண்டில் வெய் ஹெங் எழுதிய நூல் வழியாக நமக்கு வந்து சேர்ந்தது. அதிலும் ஓட்ட எழுத்து அவசரத்துக்காகப் பிறந்தது என்றே இருக்கிறது. புகழ்ந்தவரும் இகழ்ந்தவரும் இந்த ஒன்றில் உடன்படுகிறார்கள்.

ஜாவ் யீயின் கட்டுரை மிகச் சிறியது. சீன மொழி அறிந்த ஒருவரைக் கொண்டு அதை நேரடியாகத் தமிழில் பெயர்த்து, இணைப்பின் ஒரு பக்கத்தில் வெளியிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர்,
கும்பகோணம்.