தென்சீனக் கடலுக்கு அந்தப்புறமும் மலேசியாதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மாணவர் பக்கத்தில் மலேசியாவை அறிமுகப்படுத்தி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகளுக்குப் புரிகிற நல்ல தமிழில் இருந்தது, அதில் குறையே இல்லை. ஆனால் இரட்டைக் கோபுரம், பத்துமலை, பினாங்குப் பாலம், கேமரன் மலை, மலாக்கா என்று முக்கால் பக்கம் ஓடிவிட்டு, கடைசிப் பத்தியில் சபாவும் சரவாக்கும் மலேசியாவில் உள்ள மாநிலங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கூடவே போட்ட வரைபடத்தில் கோலாலம்பூர் இருக்கும் தீபகற்பம் பக்கத்தின் நடுவில் பெரிதாக இருக்கிறது, சபாவும் சரவாக்கும் இருக்கும் போர்னியோ தீவுப் பகுதியைக் கீழ் மூலையில் தபால்தலை அளவு பெட்டிக்குள் அடைத்திருக்கிறீர்கள். இதைப் படிக்கிற பிள்ளை நாட்டைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் என்பதால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு. மலேசியாவின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 3 லட்சத்து 30 ஆயிரம் சதுர கிலோமீட்டர், அதில் சரவாக் மட்டுமே சுமார் 1 லட்சத்து 24 ஆயிரம். பெர்லிஸிலிருந்து ஜொகூர் வரை தீபகற்பத்து 11 மாநிலங்களையும் கோலாலம்பூர், புத்ராஜெயாவையும் சேர்த்தாலே 1 லட்சத்து 32 ஆயிரம்தான் வருகிறது, அதாவது சரவாக் என்ற ஒரு மாநிலம் கிட்டத்தட்ட நம் தீபகற்பம் முழுமைக்கும் சமம், அதோடு சபாவையும் சேர்த்துப் பார்த்தால் நாட்டின் பரப்பில் 60 விழுக்காடு தென்சீனக் கடலுக்கு அந்தப்புறம் இருக்கிறது. நாட்டின் மிக உயர்ந்த மலை கினபாலு, 4,095 மீட்டர், சபாவில். மிக நீளமான ஆறு ராஜாங், சரவாக்கில். நாட்டின் முதல் எண்ணெய்க் கிணறு 1910-இல் மிரியில் தோண்டப்பட்டது, அதுவும் சரவாக். இவ்வளவும் மூலைப் பெட்டிக்குள் போய்விட்டால் மீதியை எப்படி நாடு என்று காட்டுவது?

அப்புறம், மலேசியா 1957-இல் சுதந்திரம் பெற்றது என்று எழுதியிருக்கிறீர்கள். 1957 ஆகஸ்ட் 31-இல் சுதந்திரம் பெற்றது மலாயா. அன்றைக்கு சபா, சரவாக் இரண்டுமே பிரிட்டனின் காலனிகள், சபாவுக்கு அப்போது வடக்கு போர்னியோ என்று பெயர். மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் நான்கும் 1963 செப்டம்பர் 16-இல் கூடியபோதுதான் மலேசியா என்ற நாடே பிறந்தது, 1965-இல் சிங்கப்பூர் பிரிந்துபோனது. சபா, சரவாக் மக்களுக்கு இது தேதிக் கணக்கு மட்டும் இல்லை. நாங்கள் உங்களோடு வந்து ஒட்டிக்கொண்டவர்கள் இல்லை, சேர்ந்து நாட்டை உருவாக்கியவர்கள் என்பது அவர்கள் வாதம், 1963 ஒப்பந்தத்தை இன்றும் எடுத்து வைத்துப் பேசுவது அதனால்தான். மலேசியா தினம் நாடு முழுக்கப் பொதுவிடுமுறையானது 2010-இல்தான், நாடு பிறந்து 47 ஆண்டு கழித்து. குடிநுழைவு அதிகாரமும் அந்த இரு மாநிலங்களிடமே இருக்கிறது. தீபகற்பத்திலிருந்து சரவாக்கின் தலைநகர் கூச்சிங்கில் போய் இறங்கும் மலேசியர் அடையாள அட்டையை நீட்டித்தான் உள்ளே போகவேண்டும், அங்கே தனியார் நிறுவனத்தில் வேலை செய்வதற்குத் தனி அனுமதியும் வேண்டும். முதல் முறை போகிற நம் ஆட்கள் சொந்த நாட்டிலேயே இது என்ன என்று கோபப்படுகிறார்கள். காரணத்தை யாரும் சொல்லிக்கொடுக்காததால் வருகிற கோபம் அது.

நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். சபாவின் கிழக்குக் கரையில் இருக்கும் சண்டாக்கானில் சூரியன் உதித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் பினாங்கில் உதிக்கிறது, ஆனால் இரண்டு ஊரிலும் கடிகாரம் ஒன்றுதான். 1982 ஜனவரி 1-இல் தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி சபா, சரவாக்கோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் நோன்பு மாதத்தில் சபாவின் தலைநகர் கோத்தா கினபாலுவில் நோன்பு திறந்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்த பிறகும் கோலாலம்பூரில் காத்துக்கொண்டுதான் இருப்பார்கள். காலையில் நாம் இருட்டோடு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்கும் இதே காரணம்தான்.

இனி மக்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற மூவினக் கணக்கை உங்கள் கட்டுரையும் திருப்பிச் சொல்கிறது. தீபகற்பத்துத் தோட்டத்திலோ பட்டணத்திலோ வளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் சரவாக்கில் இபான், பிடாயு, மெலானாவ், உள்நாட்டு மலைப்பகுதிகளில் காயான், கென்யா, கெலாபிட், லுன் பாவாங், பெனான் என்று 25-க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் இருக்கின்றன. சபாவில் கடசான்டூசுன், பஜாவ், மூருட், ருங்குஸ், இன்னும் பலர். சரவாக்கில் கிறிஸ்துவர்கள்தான் அதிகம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சிபு நகரத்துச் சீனர்களை எடுத்துக்கொண்டால், பெரும்பாலும் 1901-இல் வோங் நாய் சியோங் என்பவர் தலைமையில் ஃபூச்சாவ் பகுதியிலிருந்து வந்த மெதடிஸ்ட் குடியேறிகளின் வழிவந்தவர்கள், பேச்சு, சாப்பாடு, வழிபாடு எல்லாமே ஈப்போ சீனர்களிடமிருந்து வேறு. அரசாங்கப் பாரத்தில் மூன்று கட்டம் போட்டு மிச்சப்பேரை இதரர் என்று நான்காவது கட்டத்தில் தள்ளினால், சொந்த மண்ணில் மிகப் பெரிய இனமாக இருக்கும் இபான்காரருக்கு எப்படி இருக்கும்? பாரத்தில் நம்மைக் காணோம், பாடநூலில் நம்மைக் காணோம் என்று வருத்தப்படுகிற நாம் அதே காரியத்தை அவர்களுக்குச் செய்யக்கூடாது.

நான் ஆசிரியராக இருந்தபோது சில ஆண்டுகள் சிபு பக்கம் வேலை பார்த்தேன். அன்றைக்குக் காப்பிட் ஊருக்குச் சாலை கிடையாது, இறக்கை இல்லாத விமானம் மாதிரி நீளமாக இருக்கும் விரைவுப் படகில் ராஜாங் ஆற்றில் மூன்று மணி நேரம் போகவேண்டும். போகிற வழியெல்லாம் கரையில் நீண்ட வீடுகள். பலரும் நினைப்பதுபோல் எல்லோரும் ஒரே கூடத்தில் கும்பலாக வாழ்கிற இடம் இல்லை அது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக முப்பது நாற்பது குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் பிலேக் என்கிற தனி வீடு, தனிச் சமையல், தனிக் கதவு. அத்தனைக் கதவும் ருவாய் என்கிற ஒரே நீளத் திண்ணையைப் பார்த்துத் திறக்கும். பாய் முடைவது, வலை பின்னுவது, கூட்டம் போடுவது, சண்டையைத் தீர்ப்பது எல்லாம் அந்தத் திண்ணையில்தான், தலைவர் துவாய் ரூமா உட்காருவதும் அங்கேதான். அதற்கு வெளியே கூரையில்லாத தஞ்சு என்ற தளம், அதில் மிளகு காயும். மலேசியாவில் விளையும் மிளகு ஏறக்குறைய முழுவதுமே சரவாக் மிளகு. பச்சைக் குலையைக் காயவைத்தால் கருமிளகு. பழுக்க ஆரம்பித்ததைச் சாக்கில் கட்டி ஓடுகிற ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, தோல் நைந்ததும் மிதித்துக் கழுவிக் காயவைத்தால் வெண்மிளகு. சாக்கை வெளியே எடுக்கும்போது வருகிற நாற்றம் கொஞ்சநஞ்சம் இல்லை, வீட்டுக்காரர்கள் கண்டுகொள்ளாமல் மிதித்துக்கொண்டிருப்பார்கள். ஜூன் 1, 2 தேதிகளில் காவாய் அறுவடைத் திருநாள். விருந்தாளி திண்ணையின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஒவ்வொரு கதவாக உட்கார்ந்து எழுந்திருக்கவேண்டும், ஒரு வீட்டைத் தாண்டிப் போனால் மனம் நோகும். பண்டிகை நாளில் யார் வந்தாலும் வரவேற்கும் திறந்த இல்ல உபசரிப்பு என்று நாம் பெருமையாகப் பேசுகிறோமே, அதை ஒரு ஊரே ஒரே கூரையின் கீழ் செய்கிறது.

சபாவிலும் மே 30, 31 தேதிகளில் காமாத்தான் அறுவடை விழா. பஞ்சம் வந்தபோது தன்னையே பலிகொடுத்த ஹுமினோடுன் என்ற பெண்ணின் உடலிலிருந்து நெல் வந்தது என்பது அவர்கள் நம்பிக்கை, அதனால் நெல்லை உயிராகவே பார்க்கிறார்கள். பொங்கல் வைக்கிற நம் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். கினபாலு மலையைப் பற்றி எழுதும்போது 2015 ஜூன் 5-ஐயும் எழுதுங்கள். அன்று காலை நிலநடுக்கத்தில் 18 பேர் இறந்தார்கள், வழிகாட்டிகளும் அதில் உண்டு. உச்சியில் மாட்டிக்கொண்டவர்களை, பாறை சரிந்து விழுந்துகொண்டிருந்த மலையிலிருந்து பத்திரமாக இறக்கிக் கூட்டிவந்தவர்கள் அந்த மலையடிவாரத்து டூசுன் வழிகாட்டிகள். மலையை அறிமுகப்படுத்தினால் இவர்களையும் சேர்த்துத்தான் அறிமுகப்படுத்தவேண்டும்.

சரி, தீபகற்பத்தையாவது முழுசாகச் சொன்னீர்களா என்றால் அதுவும் இல்லை. தித்திவாங்சா மலைத்தொடருக்கு மேற்கே ஈயமும் ரப்பரும் ரயிலும் வந்தன, சீனரும் தமிழரும் அங்கேதான் குவிந்தார்கள், நம் வரலாறு பெரும்பாலும் அந்த மேற்குக்கரை வரலாறு. மலைக்குக் கிழக்கே கிளந்தானும் திரங்கானுவும் வேறு உலகம், நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவமழையும் வெள்ளமும், வெள்ளி சனி வார விடுமுறை. அங்கேயும் தும்பாட் பக்கம் தலைமுறை தலைமுறையாக வாழும் சயாமியரும் அவர்களுடைய புத்த விகாரங்களும் உண்டு. எல்லோருக்கும் முன்பே இந்த மண்ணில் இருந்த தெமியார், செமாய், மா மெரி போன்ற பூர்வகுடிகள், சுமார் 2 லட்சம் பேர், உங்கள் கட்டுரையில் எங்கேயும் இல்லை. மலாக்காவுக்கு அவ்வளவு இடம் ஒதுக்கிவிட்டு அங்கே இருக்கும் மலாக்கா செட்டிகளை விட்டுவிட்டீர்களே! மலாய் பேசி, மலாய் உடை உடுத்தி, இன்றும் சைவர்களாக வாழ்கிற அவர்கள் நம் ரத்தம். 1781-இல் எழுப்பிய அவர்களுடைய பொய்யாத விநாயகர் கோயிலில் இன்றும் பூஜை நடக்கிறது.

சபா, சரவாக்கோடு தமிழர்களுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. கூச்சிங்குக்கு அருகே மாத்தாங் மலையில், 19-ஆம் நூற்றாண்டில், அப்போது சரவாக்கை ஆண்ட ஆங்கிலேயரான ராஜா சார்ல்ஸ் புரூக் போட்ட தேயிலை, காப்பித் தோட்டத்துக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மலைமேல் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார்கள். தோட்டம் மூடப்பட்டு ஆட்கள் கலைந்து காடு மூடிக்கிடந்தது, பல ஆண்டுகள் கழித்துத் திரும்பக் கண்டுபிடித்து எடுத்துக்கட்டினார்கள், இன்று படியேறிப் போய்க் கும்பிடலாம். கூச்சிங் இந்தியா வீதியில் கடைகளுக்கு நடுவே சந்துக்குள் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய பழைய பள்ளிவாசலும் இருக்கிறது. இரு மாநிலங்களிலும் இந்தியர் ஒரு விழுக்காடுகூட இல்லை, தமிழ்ப்பள்ளி ஒன்றுகூட இல்லை. அங்கே பிறந்து வளர்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு உங்கள் பத்திரிகை மாதிரி ஒன்றுதான் தமிழை எட்டிப் பிடிக்கிற வழி. அவர்கள் இந்த வரைபடத்தைப் பார்த்தால் தங்கள் ஊரைத் தேடவேண்டியிருக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் வீட்டுப் பெண்ணுக்கோ பையனுக்கோ அந்தப்பக்கம் ஆசிரியர் வேலை கிடைத்துவிட்டால் இழவு விழுந்த வீடுபோல் அழுகிறார்கள், தெரிந்தவர்களைப் பிடித்து மாற்றல் கேட்கிறார்கள். போய்வந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள், அழுதுகொண்டு போனவர்கள் பாதிப்பேர் அழுதுகொண்டுதான் திரும்பி வந்திருப்பார்கள், மாணவர்களையும் ஊரையும் பிரிய மனமில்லாமல். இந்தப் பயத்துக்குப் பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளிக்காலம் முழுவதும் பெட்டிக்குள் பார்த்த ஊர் அது, முகம் தெரியாத ஊருக்குப் பிள்ளையை அனுப்ப யாருக்குத்தான் மனம் வரும்?

ஆகவே மூன்று வேண்டுகோள். அடுத்த முறை இரு பகுதிகளையும் ஒரே அளவுகோலில், இடையில் கடலோடு சேர்த்து, பக்கம் முழுக்கப் பெரிய வரைபடமாகப் போடுங்கள், சரவாக்கை ஒட்டிப் புருணை என்ற தனி நாடு உட்கார்ந்திருப்பதும் அதில்தான் தெரியும். 1957 மலாயாவின் சுதந்திரம், 1963 மலேசியாவின் பிறப்பு என்று திருத்தி வெளியிடுங்கள், மாணவர்கள் பரீட்சையில் தவறாக எழுதிவிடப்போகிறார்கள். சபா, சரவாக்கில் வேலை செய்யும் நம் தமிழர்கள், ஆசிரியர்கள், செவிலியர்கள், பொறியாளர்கள் என்று எத்தனையோ பேர் உங்கள் வாசகர்கள், அவர்களிடம் வாரம் ஓர் ஊரைப் பற்றி எழுதச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் கட்டாயம் எழுதுவார்கள். சிபு, காப்பிட் பற்றி நான் எழுதித் தருகிறேன், எத்தனை சொற்கள் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஈப்போ