செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், வியாசர்பாடி போர்டு குடியிருப்பின் அம்மாக்கள், அண்ணன்மார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. மருத்துவ முகாமும் பொங்கல் விழாவும் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நான் மாலைக் காய்கறிக் கடையைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். இந்த ஆண்டு நாம் ஓடியதெல்லாம் அதற்காகத்தான்.

நம் வீடுகளில் சோற்றுக்குக் குறை இல்லை. ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் காலைச் சிற்றுண்டியும் மதியச் சாப்பாடும் கிடைக்கின்றன. ஆனாலும் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. நம் முகாமிலும் "ரத்தம் கம்மி, கீரை சாப்பிடும்மா" என்றுதான் பலரிடம் சொன்னார்கள். அதற்கு பி பிளாக் அக்கா ஒருவர், "வேலை முடிஞ்சு வர ஏழு ஆகுது. அப்போ எங்க சார் கீரை கிடைக்கும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தைக்கு நடந்தே போய்ப் பை நிறைய வாங்கி வந்த கதையைப் பாட்டிகள் இன்னும் சொல்கிறார்கள். 1996இல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. அங்கிருந்து கை மாறி, வண்டிக் கூலி ஏறி நம் தெருவுக்குக் காய் வர காலை பத்தாகிறது. அதற்குள் நம் பெண்கள் பாதிப்பேர் வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

அதனால் செவ்வாய், வெள்ளி விடியற்காலையில் நம் தம்பிகள் இருவர் லோடு ஆட்டோவில் கோயம்பேடு போகிறார்கள். மாலை ஆறரைக்கு பிளாக் வாசலில் தராசு வைக்கிறோம். முதல் மாதம் எல்லாவற்றையும் அரைக் கிலோவாகக் கட்டி வைத்தோம், பாதி அப்படியே நின்றுவிட்டது. தவறு நம்முடையதுதான். தினக்கூலி வாங்குகிறவர்கள் அன்றன்றைக்குத்தானே வாங்குவார்கள்! அப்புறம் 20 ரூபாய்க்கு சாம்பார் காய் என்று ஒரு கேரட், ஒரு முருங்கைக்காய், இரண்டு கத்தரிக்காய், கொஞ்சம் பீன்ஸ் சேர்த்துக் கொடுத்தோம். ஏழரைக்குள் கூடை காலி.

கீரை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. விடியலில் வாங்கியது மாலைக்குள் துவண்டுவிடுகிறது. அதனால் சி பிளாக் மொட்டை மாடியில் பைகளில் அரைக்கீரை விதைத்தோம். கொடுங்கையூர் குப்பைமேடு பக்கத்திலேயே இருப்பதால் இங்குள்ள மண்ணைத் தொடவில்லை. செம்மண், தென்னை நார்க் கழிவு, மாட்டெரு மூன்றையும் வெளியிலிருந்து வாங்கினோம். நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழையில் பைகளில் தண்ணீர் நின்று வேரெல்லாம் அழுகிவிட்டது. மூன்றாம் மாடிப் பாட்டி மறுவாரமே பைகளின் அடியில் ஆணியைச் சுட்டுக் கூடுதலாக ஓட்டை போட்டு, திரும்ப விதைத்தார். இப்போது மாலை ஐந்தரைக்கு அவரே கத்தியோடு மாடி ஏறுகிறார். வேரோடு பிடுங்காமல் இரண்டு விரல் தண்டு விட்டு அறுக்கிறார். அது திரும்பத் துளிர்க்கிறது. ஈரம் காயாத அந்தக் கட்டுக்குத்தான் வரிசையில் முதலில் கை நீள்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. காசிமேட்டு மீன் விலை ஏறிய அந்த இரண்டு மாதமும் நெத்திலிக் கருவாடு வைத்தோம். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வெந்நீரில் இரண்டு முறை அலசி, உப்பை எடுத்துவிட்டுக் குறைவாகச் சாப்பிடுங்கள்.

கடைக்கு நிழலும் ஒரு விளக்கும் கேட்டு மனு கொடுத்தோம். இரண்டு முறை நேரில் போயும் பதில் இல்லை. இப்போதும் செல்போன் வெளிச்சத்தில்தான் நிறுக்கிறோம்.

கடையில் கடன் எழுதும் நோட்டைப் பற்றிச் செயற்குழுவில் வாக்குவாதம் வந்தது. கடனே கூடாது என்று சிலர் சொன்னார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. மழையில் வேலை இல்லாத வாரத்தில்தான் பிள்ளை தட்டில் காய் இல்லாமல் போகிறது. வாங்கியவர்களும் பெரும்பாலும் கொடுத்துவிட்டார்கள். நோட்டு தொடர வேண்டும் என்று இந்தப் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

கோயம்பேடு போகும் தம்பிகளில் ஒருவருக்கு இரவு ஷிப்ட் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த வெள்ளியிலிருந்து ஓர் ஆள் குறைகிறது. வர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு ஆட்டோ ஏ பிளாக் வாசலில் நிற்கும்.

செயலாளர்