மதீனாவிலிருந்து வாப்பாவுக்கு

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லோரும் சுகம். பகலில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகுதான் தெருவில் நடமாட முடிகிறது. உம்மா கொடுத்துவிட்ட மாசித் தூள் முடியப்போகிறது.

தம்பி கேட்ட கேள்வியை எழுதியிருந்தீர்கள். ஆள்பவர்கள் செய்யும் அநியாயத்தில் நமக்கும் பங்கு உண்டா என்று. 'ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார்' என்ற ஆயத்தை நீங்கள் சொல்ல, 'அநியாயக்காரர்களை மட்டுமே பிடிக்காத சோதனை' என்ற ஆயத்தை அவன் எடுத்துவைத்தானாம். படித்ததும் சந்தோஷமாக இருந்தது. இரண்டும் குர்ஆனில் உள்ளதுதானே.

வேலை முடிந்து மஸ்ஜிதுல் கமாமா பக்கம்தான் நடந்து வருவேன். ஹரமுக்கு, அதாவது நபியின் பள்ளிவாசலுக்குத் தென்மேற்கே, சின்னச் சின்னக் குவிமாடங்களோடு ஒரு கருங்கல் பள்ளிவாசல். நபி ரஸூலுல்லாஹ் பெருநாள் தொழுத திடல் இந்தப் பக்கம்தான். பிற்காலத்தில் மர்வான் இங்கே கவர்னராக இருந்தபோது, தொழுகைக்கு முன்பே குத்பாப் பிரசங்கம் ஓத மிம்பர் மேடையில் ஏறப் போனாராம். நபித்தோழர் அபூ ஸயீத் அல்குத்ரி அவருடைய ஆடையைப் பிடித்து இழுத்தார். மர்வான் உதறிக்கொண்டு ஏறிவிட்டார். முறையை மாற்றிவிட்டீர்களே என்று கேட்டதற்கு, தொழுகை முடிந்தால் ஜனங்கள் எங்கள் பேச்சுக்கு உட்காருவதில்லை என்று காரணம் சொன்னார். புகாரி ஹதீஸ் தொகுப்பில் நீங்கள் ஓதிக்கொடுத்ததுதான் வாப்பா. ஆனால் இந்த மண்ணில் நிற்கும்போது அந்தக் கை துணியைப் பிடித்தது கண்ணில் தெரிகிறது.

தம்பிக்கு, முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் வரும், நபியின் மனைவி உம்மு ஸலமா நாயகி அறிவித்த ஹதீஸைச் சொல்லுங்கள். தலைவர்களின் தீமையை வெறுத்தவர் குற்றத்திலிருந்து நீங்கினார், கண்டித்தவர் தப்பினார், "ஆனால் யார் பொருந்திக்கொண்டு பின்பற்றினாரோ..." அதோடு வாக்கியம் நின்றுவிடுகிறது. அப்புறம் ஸஹாபாக்களான நபித்தோழர்களின் கேள்வி வந்துவிடுகிறது. தடுக்க முடியாதவர் மௌனமாக இருந்ததாலேயே பாவியாகிவிடமாட்டார்; பொருந்திக்கொண்டாலோ, மனத்தளவில்கூட வெறுக்காவிட்டாலோ, பின்பற்றினாலோதான் பாவம் என்று முஸ்லிமுக்கு உரை எழுதிய இமாம் நவவி விளக்குகிறார். அவன் கேட்டதற்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன்.

ஆனால் 'பின்பற்றினாரோ' என்ற சொல் என்னைத் தூங்கவிடவில்லை. உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்லவேண்டும். இங்கே வருகைப் பதிவேடு என் கையில்தான் இருந்தது. துப்புரவு வேலை பார்க்கும் பங்களாதேஷ் பையன்களுக்கு மாதம் இரண்டு நாள் குறைத்து எழுதச் சொன்னார்கள். மனசுக்குள் வெறுத்துக்கொண்டேதான் எழுதினேன், மூன்று மாதம். வெறுத்தேன் என்பது சரி. எழுதியது யார் பேனா? ஹதீஸ் அமீர்களை, ஆள்பவர்களைப் பற்றியது என்று தெரியும். இருந்தாலும், அநியாயத்துக்கு உதவியவர் என்னைச் சேர்ந்தவரல்லர் என்று நபித்தோழர் கஅப் இப்னு உஜ்ராவிடம் ரஸூலுல்லாஹ் சொன்னது எனக்கும்தான் என்று பட்டது.

போன வாரம் பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது சாமான் அறையில் மூட்டை இறக்குகிறேன். அந்தப் பையன்களிடம் மாப்புக் கேட்டேன். அவர்களுக்குக் குறைந்த பணத்தை என் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவருகிறேன்.

அதனால் சில மாதங்களுக்குப் பணம் குறைவாகத்தான் வரும். உம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள் வாப்பா. எனக்காக துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்,
உங்கள் மகன்