முட்டை சூப்புக்கு எந்தச் சூடு

அன்பு மக்களே,

முட்டை சூப் வைத்தால் திரிதிரியாய் வராமல் பால் மாதிரி கலங்கிப் போகிறது என்று எழுதியிருந்தாய். முட்டையைக் குறை சொல்லாதே. அதை விடும்போது சாற்றில் சூடு போதவில்லை.

சாற்றுக்குக் கோழி எலும்பு அரைக் கிலோ, தண்ணீர் ஒன்றரை லிட்டர், தட்டின இஞ்சி ஒரு துண்டு, சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) ஆறு, நல்லமிளகு ஒரு டீஸ்பூன். குக்கரில் முதல் விசில் வந்த பிறகு சிறு தீயில் 25 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். அவசரப்பட்டு ஆவியைத் திறந்துவிட்டால் உள்ளே குமுறிச் சாறு கலங்கும். வடிகட்டி, உப்புப் போட்டு வைத்துக்கொள்.

ஒரு ஆளுக்கு அரை லிட்டர் சாறு, ஒரு முட்டை, ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார். கடையில் மஞ்சள் மக்காச்சோள மாவைத் தந்தால் வாங்காதே. வெள்ளை மாவுதான் வேண்டும். பார்சலில் கூவைமாவும் (ஆரோரூட்) வைத்திருக்கிறேன். அது இன்னும் தெளிவாகக் குழையும், ஆனால் நேரம் கூடக் கொதித்தால் இளகிவிடும்.

மாவை மூன்று கரண்டி பச்சைத்தண்ணீரில் கரை. அதில் ஒரு டீஸ்பூன் எடுத்து முட்டையில் சேர்த்தால் திரி இறுகாமல் மெத்தென்று இருக்கும். மீதியைக் கொதிக்கிற சாற்றில் விட்டுக் கிளறு. மினுமினுப்பு வந்தால் போதும். சாற்றுக்கு இந்தக் கொழகொழப்பு இல்லையென்றால் திரி அடியில் போய்த் தங்கிவிடும்.

முட்டையை முள்கரண்டியால் வெள்ளைக்கரு கட்டி தெரியாத அளவுக்கு அடி. நுரை பொங்க அடிக்காதே, அந்த நுரை அப்படியே மேலே ஏடாக நிற்கும். ஃபிரிட்ஜில் இருந்த முட்டையை முன்னாலேயே வெளியே எடுத்து வை. சாறு கொஞ்சம்தானே, குளிர்ந்த முட்டை பட்டாலே சூடு இறங்கிவிடும்.

இனி கவனமாகப் பார். பெருங்கொதி அடங்கி, ஓரத்தில் மட்டும் சின்னக் குமிழ் வருகிற நேரம்தான் பதம். வெள்ளைக்கரு 60 டிகிரிக்கு மேலேயே இறுகத் தொடங்கும். அடித்த முட்டை 70 தாண்டினால் வெந்துவிடும். அதற்குக் கீழே விட்டால் சாற்றில் கரைந்துபோகும். தளதளவென்று கொதிக்கும்போது விட்டாலோ உதிர்ந்து பொடியாகும். உன்னுடைய இண்டக்‌ஷன் அடுப்பு சிறு சூட்டில் விட்டுவிட்டுத்தான் எரியும், அதனால் அடுப்பு காட்டுகிற சூட்டு எண்ணைப் பார்க்காதே, குமிழைப் பார்.

ஒரு சாண் உயரத்திலிருந்து முள்கரண்டி வழியாக நூலாக ஊற்று. மற்றக் கையால் ஒரே பக்கமாக மெல்லச் சுற்று. வேகமாகச் சுற்றினால் இழை சன்னமாகும், மெதுவாகச் சுற்றினால் அகலமாக வரும். ஊற்றி முடித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அரை நிமிடம் தொடாதே. அப்போது கலக்குகிறவர்கள்தான் திரியை உடைத்துவிடுகிறார்கள்.

சீனாக்காரர்கள் இதை முட்டைப்பூ சூப் என்கிறார்கள், பொருத்தமான பெயர். ரோமில் மாவு சேர்க்காமல், முட்டையோடு பாலாடைக்கட்டியைத் துருவி, ஜாதிக்காயும் கொஞ்சம் போட்டு அடித்து ஊற்றுவார்கள். கிரேக்கர்கள் செய்வது நேர் எதிர்: முட்டையும் எலுமிச்சைச் சாறும் அடித்து, அதில் சூடான சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டு, கொதிக்க விடாமல் குழம்பாக்குவார்கள். திரியே வரக்கூடாது. நீ முதலில் பூவைச் சரியாகப் பழகு.

நல்லமிளகுத் தூளும் மல்லியிலையும் கிண்ணத்தில் போட்டால் போதும். எலுமிச்சை பிழிவதானாலும் கிண்ணத்தில்தான். மிச்சம் வைத்து மறுபடி சூடாக்காதே, முட்டை ரப்பராகும். முட்டை விடாத சாற்றை மட்டும் ஃபிரிட்ஜில் வை, மூன்று நாளுக்குள் தீர்த்துவிடு.

அம்மா
நாகர்கோவில்